டேங்க்குக்கு ஒரு வெள்ளையடிப்பு... உள்ளங்கையில் உறையும் பனிக்காலப் போர்!

1941 டிசம்பர். மாஸ்கோவின் வாசல்வரை வந்து நிற்கிறது ஜெர்மன் ராணுவம். ஜூன் 22 அன்று கோடை வெயிலில் எல்லை தாண்டிய அதன் டேங்க்குகள் எல்லாம் அடர் சாம்பல் நிறம். இப்போது சுற்றிலும் பனி. வெள்ளைத் தாளில் மை சிந்தியதுபோல ஒவ்வொரு டேங்க்கும் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிறது. ஒளிய வழியில்லை. கிடைத்த சுண்ணாம்பை வாளியில் கரைத்து, பிரஷ்ஷோ துடைப்பமோ கைக்கு எது சிக்கியதோ அதை வைத்து அவசர அவசரமாக டேங்க்குக்கு வெள்ளையடித்தார்கள் வீரர்கள்.

அந்த அவசர வேலையைத்தான் இன்று உலகம் முழுக்கப் பலர் ஒரு மேஜை விளக்கின் அடியில் உட்கார்ந்து, நான்கைந்து இரவுகள் செலவழித்துப் பொறுமையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது 12 சென்டிமீட்டர் நீள பிளாஸ்டிக் டேங்க். அதற்கு அழகாக வெள்ளையடிக்கிறார்கள். அடித்து முடித்ததும் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து, அடித்த வெள்ளையைத் தேய்த்து உரிக்கிறார்கள்!

ஏன் இந்த வேண்டாத வேலை என்று தோன்றுகிறதா? இந்தப் பொழுதுபோக்கின் சுவாரஸ்யமே அந்த உரிப்பில்தான் இருக்கிறது.

தாயக்கட்டை, இன்ச் டேப், ஒரு போர்க்களம்

முதலில் விளையாட்டைப் பற்றி. இதன் பெயர் வார்கேமிங். சாப்பாட்டு மேஜையைவிடக் கொஞ்சம் பெரிதான, 6 அடிக்கு 4 அடி பரப்பில் ஒரு நிலப்பரப்பை உருவாக்குவார்கள். குட்டி மரங்கள், இடிந்த வீடுகள், உறைந்த ஓடை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, சிறிய வீரர்களையும் வண்டிகளையும் நகர்த்துவார்கள். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை இன்ச் டேப் சொல்லும். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

இது வெறும் சிறுபிள்ளை விளையாட்டாகத் தொடங்கவில்லை. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்காகவே வரைபடமும் பகடையும் வைத்து ஒரு போர் விளையாட்டு அறிமுகமானது. அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், `டைம் மெஷின்' நாவல் எழுதிய அதே ஹெச்.ஜி.வெல்ஸ். பொம்மை வீரர்களை வைத்துத் தரையில் போர் நடத்துவது எப்படி என்று 1913-ல் `லிட்டில் வார்ஸ்' என்றொரு புத்தகமே எழுதினார். நிஜப்போரைவிடப் பொம்மைப்போர் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வெடித்தது.

இன்றைக்கு இரண்டாம் உலகப்போரை மேஜையில் ஆட விரும்புகிறவர்கள் அதிகம் நாடுவது இரண்டு விளையாட்டுகளை. ஒன்று, நியூசிலாந்தில் பிறந்த `ஃப்ளேம்ஸ் ஆஃப் வார்'. மற்றொன்று, 2012-ல் இங்கிலாந்திலிருந்து வந்த `போல்ட் ஆக்‌ஷன்'. முதலாவதில் வண்டிகள் நிஜத்தில் 100-ல் ஒரு பங்கு. இரண்டாவதில் பெரும்பாலும் 56-ல் ஒரு பங்கு. சோவியத்தின் புகழ்பெற்ற டி-34 டேங்க்கின் நீளம் சுமார் 6.7 மீட்டர். ஃப்ளேம்ஸ் ஆஃப் வார் மேஜையில் அது 7 சென்டிமீட்டர்கூட வராது. போல்ட் ஆக்‌ஷனில் 12 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பை நினைத்துப் பாருங்கள்

வெள்ளையடிப்பது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எமல்ஷன் பெயின்ட் வருவதற்கு முன்பு பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த ஊர்தானே இது! கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து, கொஞ்சம் நீலம் கலந்து, ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் சேர்த்து மட்டையால் அடித்தாலும், சுவரில் சாய்ந்தவரின் சட்டை முதுகு வெள்ளையாகிவிடும். ஆட்கள் கை வைக்கும் நிலைப்படி ஓரம், பிள்ளைகள் முதுகு தேய்க்கும் திண்ணைச் சுவர்... அங்கெல்லாம் மாசி பிறப்பதற்குள் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

டேங்க்கில் நடந்ததும் இதேதான். சாம்பலோ பச்சையோ தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அது இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டது. அதன்மேல் போர்க்களத்தில் பூசிய சுண்ணாம்பும் சாக்பொடியும் அப்படி ஒட்டவில்லை. ஒட்டவும் வேண்டியதில்லை. பனி உருகியதும் கழுவிவிட வேண்டும் என்பதால், அது தற்காலிகப் பூச்சாக இருப்பதே நல்லது என்று நினைத்தார்கள். ஆள் ஏறி இறங்கினால் உரிந்தது. மரக்கிளை உரசினால் உரிந்தது. ஈரப்பனி பெய்தால் கரைந்து கோடுகோடாக வழிந்தது.

எனவே பனிக்கால டேங்க் ஒன்றைச் சரியாகச் செய்வதென்றால், வெள்ளை பெயின்ட் அடித்தால் போதாது. அந்த வெள்ளை எந்தெந்த இடத்தில், யாரால், எதனால் காணாமல்போனது என்று காட்ட வேண்டும். வெறும் வெள்ளை டேங்க் என்பது செயின் கட்டிய ஃப்ரிட்ஜ்தான்!

வெள்ளையடிக்காமல் விட்டதற்குக் கொடுத்த விலையும் வரலாற்றில் இருக்கிறது. 1939 நவம்பர் 30 அன்று பின்லாந்துக்குள் நுழைந்தது சோவியத் படை. டேங்க்குகள் பச்சை, வீரர்களின் சீருடை காக்கி. எதிரே வெள்ளை உடையில், பனிச்சறுக்குக் கட்டைகளில் சத்தமின்றி வந்துபோன பின்லாந்து வீரர்கள். காடுகளுக்கு நடுவே ஒற்றையடிச் சாலைகளில் நீண்ட வரிசையாக மாட்டிக்கொண்ட சோவியத் வண்டிகள் துண்டுதுண்டாக வளைக்கப்பட்டு அழிக்கப்பட்டன. சோவியத் படை தன் தளவாடங்களுக்கு வெள்ளையடித்து, வீரர்களுக்கு வெள்ளை உடை கொடுத்தபோது 1940 ஜனவரி கடைசி ஆகிவிட்டது. ஆகவே, 1939 டிசம்பர் பின்லாந்துக் காட்சியை மேஜையில் அமைப்பவர் சோவியத் டேங்க்கைப் பச்சையாகவே விட வேண்டும். சுற்றிலும் பனி, நடுவில் பச்சை டேங்க். பார்க்க உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும்.

ஹேர் ஸ்ப்ரே செய்யும் மாயம்

சரி, 12 சென்டிமீட்டர் பிளாஸ்டிக்கில் சுண்ணாம்பு உரிவதை எப்படிக் கொண்டுவருவது? நிஜச் சுண்ணாம்பை அடித்தால் கட்டிகட்டியாக நிற்கும். அங்கேதான் அலமாரியிலிருந்து ஹேர் ஸ்ப்ரே இறங்கி வருகிறது.

முதலில் பிரைமர். அது காய்ந்ததும் டேங்க்கின் அசல் நிறம். சோவியத் டேங்க் என்றால் `4பிஓ' எனப்படும் பச்சை. ஜெர்மன் டேங்க் என்றால் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1943 பிப்ரவரி வரை அடர் சாம்பல், அதன்பின் வந்த உத்தரவுப்படி அடர் மஞ்சள். 1944 ஜனவரிக் காட்சிக்கென்று புதிதாக வந்திறங்கிய டேங்க்கைச் செய்துவிட்டு, உரிந்த வெள்ளைக்கு அடியில் சாம்பலைக் காட்டினால் விஷயம் தெரிந்தவர்கள் மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே சிரித்துவிடுவார்கள்.

அடிநிறம் காய்ந்ததும் எண்களும் சின்னங்களும் ஒட்டப்படும். அதன்மேல் பாதுகாப்புக்கு ஒரு வார்னிஷ். இது முக்கியம். பின்னால் வரப்போகும் தேய்ப்பில் அடிநிறம் போய்விடாமல் காப்பாற்றுவது இந்தப் படலம்தான். அதற்கும் மேலே இரண்டு முறை மெல்லிசாக ஹேர் ஸ்ப்ரே. அது காய்ந்த பிறகு, நீர்க்கக் கரைத்த அக்ரிலிக் வெள்ளை.

இப்போது டேங்க் முழுக்க வெள்ளை. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து, ஓர் இடத்தில் மட்டும் ஈரம் செய்வார்கள். தண்ணீர் அந்த மெல்லிய வெள்ளையைத் தாண்டி உள்ளே இறங்கும். ஹேர் ஸ்ப்ரே தண்ணீரில் கரையக்கூடியது. அடியில் அது இளகியதும் மேலே இருக்கும் வெள்ளைக்குப் பிடிமானம் போய்விடும். முரட்டு பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் ஓரங்களில் பொடிப்பொடியாக உரியும். பல்குத்தும் குச்சியால் இழுத்தால் கீறல். பிரஷ்ஷை மேலிருந்து கீழே இழுத்தால் மழையில் கரைந்த தடம். எங்கே, எவ்வளவு உரிய வேண்டும் என்பது முழுக்கக் கையின் கட்டுப்பாட்டில். ஆனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் வெள்ளை இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றினாலோ, பாதி டேங்க்கின் வெள்ளை தோல்போலக் கழன்று கையோடு வந்துவிடும்.

ஹேர் ஸ்ப்ரே இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. ஈரமான பரப்பில் தூள் உப்பைத் தூவி, அதன்மேல் வெள்ளை அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் உப்பிருந்த இடத்தில் அடிநிறம் தெரியும். சமையலறை ஸ்பாஞ்ச்சைக் கிள்ளி, வெள்ளையில் தொட்டு, முக்கால்வாசியைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு டேங்க்கில் தட்டித்தட்டி எடுப்பது இன்னும் சுலபம். பத்து டேங்க்குகளை ஒரே வாரத்தில் முடித்தாக வேண்டிய விளையாட்டுக்காரர்களுக்கு அதுவே போதும். வெள்ளை ஆயில் பெயின்ட்டைப் பொட்டுப்பொட்டாக வைத்து தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுத்துவிடும் முறையும் உண்டு. வழிந்து கரைந்த சுண்ணாம்புக்கு அதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

எந்த முறையானாலும் ஒரு விதி பொது. வெள்ளைக்குச் சுத்த வெள்ளை கூடாது! துளி சாம்பலோ சந்தன நிறமோ கலந்து மங்கலாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் கிடக்கும் பனியும் டேங்க்கும் ஒன்றாகிவிடும். தவிர, வெளிச்சம் பட்டு மின்னும் விளிம்புகளைக் காட்ட அதைவிட வெளுப்பான நிறம் கைவசம் இருக்காது.

எங்கே தேய்ந்தது? யார் தொட்டார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் தேய்ப்பதுதான் புதியவர்கள் செய்கிற வேலை. உரிக்கும் வித்தை கைவந்த உற்சாகத்தில் டேங்க் முழுக்க ஒரே சீராக உரித்துவிடுவார்கள். அம்மைத் தழும்பு போலிருக்கும்.

டி-34 டேங்க்கையே எடுத்துக்கொள்வோம். அதன் டிரைவர் உள்ளே நுழைவது முன்பக்கச் சரிவுத் தகட்டில் இருக்கும் மூடி வழியாக. ஒரு நாளைக்குப் பலமுறை அவர் பூட்ஸும் முழங்காலும் முழங்கையும் அந்த மூடியின் விளிம்பில் உரசியிருக்கும். அங்கே வெள்ளை நிற்காது. டரட் எனப்படும் சுழலும் மேல்பகுதியின் மூடியைச் சுற்றியும் அப்படித்தான். பின்புறத்தில் இன்ஜின். அதன் மேல்தட்டு சூடாகும். விழுந்த பனி அங்கே உருகி, அழுக்கோடு வழியும். அதற்குக் கீழே பின்தகட்டில் இரண்டு புகைபோக்கிகள். சுற்றிலும் டீசல் கரி. வெள்ளையே தெரியாத அளவுக்குக் கறுத்திருக்க வேண்டிய இடம் அது.

பக்கவாட்டில் சில கைப்பிடிகள் இருக்கும். பலர் அவசரத்தில் பார்க்காமல் விட்டுவிடும் இடம் இது. டி-34 தனியாகப் போனதில்லை. துப்பாக்கி வீரர்கள் அதன் முதுகில் தொற்றிக்கொண்டு போர்முனைக்குப் போனார்கள். இன்ஜின் தட்டில் குளிர் காய்ந்துகொண்டு, அந்தக் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு, தாக்குதல் தொடங்கியதும் பக்கவாட்டில் குதித்தார்கள். கவசம் டேங்க்குக்குத்தான், மேலே இருந்தவர்களுக்கு எதுவுமில்லை. அந்தக் கைப்பிடிகளின் அடியிலும், கால்கள் தொங்கிய பக்கத் தகட்டிலும் வெள்ளை தேய்ந்து பச்சை தெரிந்தால், மேலே ஒரு பொம்மை வீரர்கூட இல்லாமலே அங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தது புரிந்துவிடும்.

ஜெர்மன் டேங்க்குகளில் வேறு மாதிரி. வெள்ளையடிக்கும்போது டரட்டில் இருந்த எண்ணையும் பக்கத்தில் இருந்த சிலுவைச் சின்னத்தையும் மறைக்காமல் சுற்றிலும் விட்டுவிட்டு அடித்தார்கள். அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்களில் எண்ணைச் சுற்றி ஒரு கரிய சதுரம் தெரியும். பிரஷ்ஷோடு நின்றவரின் சோம்பல், அவசரம், குளிர் எல்லாம் அந்தக் கோணல் சதுரத்தில் இருக்கிறது. ஸ்கேல் வைத்து நேர்க்கோட்டில் அந்தச் சதுரத்தைப் போடும் மாடல்காரர், அந்த ஆளைக் கோட்டை விட்டுவிடுகிறார். பச்சையின் மேல் வலைபோல வெள்ளைக் கோடுகள் மட்டும் இழுத்த சோவியத் டேங்க்குகளின் படங்களும் உண்டு.

அடுத்த கட்டம் அழுக்கு. மிக நீர்க்கக் கரைத்த பழுப்பு நிறத்தை இடுக்குகளில் விட்டால் அது தானே ஓடி, ஆணித் தலைகளைச் சுற்றி நின்றுகொள்ளும். இதற்கு `வாஷ்' என்று பெயர். செங்குத்தான பக்கங்களில் அழுக்குக் கோடுகள் மேலிருந்து கீழே மட்டும் இறங்க வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மழைத்தண்ணீர் இறங்கிய கறுப்புத் தடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சக்கரங்களிலும் செயினிலும் சேறு. பனிக்காலச் சேறு நம் செம்மண் புழுதி மாதிரி காய்ந்து பறக்காது. ஈரமாக, கறுத்து, பளபளப்பாக இருக்கும். பிக்மென்ட் பொடியோடு கொஞ்சம் மினுங்கும் வார்னிஷைக் கலந்தால் அந்த ஈரம் வந்துவிடும்.

ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு?

இந்தக் கலையின் குரூரமான கணக்கு ஒன்று இருக்கிறது. 56-ல் ஒரு பங்கு மாடலில் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை உரிந்தால், நிஜத்தில் அது 5.6 சென்டிமீட்டர். 100-ல் ஒரு பங்கு மாடலில் அதே 1 மில்லிமீட்டர், நிஜத்தில் 10 சென்டிமீட்டர். ஆணி கீறிய தடம் என்று நினைத்து வரைந்தது, அளவைக் கூட்டிப் பார்த்தால் கோடரியால் வெட்டியதுபோல இருக்கும். உப்புக் கல் ஒன்று அரை மில்லிமீட்டர் என்றாலும் அது விட்டுச்செல்லும் ஓட்டை நிஜ டேங்க்கில் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர்!

அப்படியானால் எல்லாவற்றையும் நுணுக்கமாகச் செய்துவிடலாமா? அதுவும் முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் மாடல் என்றால் பார்ப்பவர் குனிந்து, மூக்கு ஒட்டப் பார்ப்பார். விளையாட்டு டேங்க்கைப் பார்ப்பது மூன்றடி தள்ளி நின்று. அந்தத் தூரத்தில் நுணுக்கமான கீறல்கள் எல்லாம் கலந்து மங்கல் சாம்பலாகத்தான் தெரியும். ஆகவே வார்கேம் வண்டிகளில் வெள்ளைக்கும் அடிநிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் கூட்டியே காட்டுகிறார்கள். நாடக மேடைக்கு அரிதாரம் பூசுவதுபோல. இதைப் பொய் என்று கறாராகப் பேசும் மாடல்காரர்கள் உண்டு. ஆனால் மூன்றடி தள்ளி நின்றால் உண்மை போலத் தெரிய வேண்டும் என்பதுதானே இங்கே தேவை? அந்த வகையில் விளையாட்டுக்காரர்கள் செய்வது சரிதான்.

இன்னொரு சிக்கல், கை. விளையாட்டு டேங்க்கை ஒரு மாலைக்குள் நூறு முறையாவது தூக்கி வைப்பார்கள். வியர்வைக் கை, பிஸ்கட் கை, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கை. இத்தனை பாடுபட்டு உரித்த போலிச் சுண்ணாம்பு நிஜமாகவே உரியத் தொடங்கும். அதனால் கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் இரண்டு கை அடித்தே ஆக வேண்டும். பொடி அழுக்கெல்லாம் அந்த வார்னிஷில் கொஞ்சம் மங்கிப்போகும் என்று தெரிந்தே, முன்கூட்டிச் சற்று அதிகமாகப் போட்டுவைப்பார்கள்.

பனிக்குப் பதில் ஆப்ப சோடா?

டேங்க் ஆயிற்று. அது நிற்கப் பனி வேண்டுமே. பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாவில்தான். ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசினால் அசல் பனி மாதிரியே இருக்கும். சிக்கல் பிறகுதான் வரும். ஈரத்தை இழுத்து, நாளடைவில் மஞ்சளடித்து, உதிரத் தொடங்கும். அதனால் அனுபவஸ்தர்கள் மார்பிள் பொடிக்கோ, மாடல் கடைகளில் விற்கும் நுண்ணிய கண்ணாடித் துகளுக்கோ மாறிவிடுகிறார்கள். கண்ணாடித் துகள் வெளிச்சத்தில் லேசாக மின்னும். ஆனால் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. மாஸ்க் போடாமல் அதைத் திறக்கவே கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது தின்னரும் வேண்டாம், இதுவும் வேண்டாம்.

பனி எங்கே தங்கும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். மட்கார்டு மேலே, டரட்டின் தட்டையான கூரையில், கயிற்றுச் சுருளின் இடுக்கில் தங்கும். சூடான இன்ஜின் தட்டில் தங்காது. ஓடிக்கொண்டிருக்கும் டேங்க்கின் துப்பாக்கிக் குழாயிலிருந்து பனி ஊசிகள் தொங்குவதாகச் செய்வது அழகுக்காகச் செய்யும் அபத்தம். ஓர் அதிர்வில் எல்லாம் உடைந்து விழுந்திருக்கும்.

தேதி அதைவிட முக்கியம். 1944 டிசம்பர் 16 அன்று பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில் ஜெர்மனி கடைசிப் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. மேஜைகளில் மிக அதிகமாக ஆடப்படும் பனிக்காலப் போர் என்றால் அநேகமாக இதுதான். முதல் நாளிலிருந்தே முழங்கால் பனியில் அமைத்துவிடுவார்கள். ஆனால் ஆரம்ப நாள்களில் அங்கே அதிகம் இருந்தது மூடுபனியும் சேறும், அங்கங்கே திட்டுத்திட்டாகப் பனியும். கனத்த பனி கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்திலும் ஜனவரியிலும்தான் வந்தது. அமெரிக்கர்களின் ஆலிவ் பச்சை ஷெர்மன் டேங்க்குகள் வெள்ளையானதும் அதன் பிறகுதான்.

அந்தப் பனியில் அமெரிக்க வீரர்களிடம் வெள்ளைத் துணிகூடப் போதவில்லை. பாஸ்டோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஹெம்ரூல் என்றொரு குட்டிக் கிராமம். அங்கே ஒரு பட்டாலியனுக்குத் தலைமை வகித்த ஜான் ஹான்லன் என்ற அமெரிக்க மேஜர், ஊர்க்காரர்களிடம் போய்ப் படுக்கை விரிப்புகளைக் கேட்டார். தேவாலய மணியை அடித்து ஊரைக் கூட்டினார்கள். வீட்டுக்கு வீடு விரிப்புகள் வந்து சேர்ந்தன. வீரர்கள் அவற்றைக் கிழித்து உடம்பிலும் ஹெல்மெட்டிலும் சுற்றிக்கொண்டு பனிக்குள் மறைந்தார்கள். திருப்பித் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள், போரில் முடியவில்லை. 1948-ல் ஹான்லன் அந்த ஊருக்குத் திரும்பி வந்தார். அமெரிக்காவில் அவருடைய சொந்த ஊரான வின்செஸ்டர் மக்கள் கொடுத்தனுப்பிய படுக்கை விரிப்புகளோடு! ஆர்டென் காட்சிகளில் சில பொம்மை வீரர்களின் தோளில் மெல்லிய டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்துப் போர்த்தியிருப்பதைப் பார்க்கலாம். அது பூவேலை போட்ட யாரோ ஒருவர் வீட்டு விரிப்பு என்று நினைத்து, ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு வரைபவர்களும் இருக்கிறார்கள்.

அழகான போர் என்று ஒன்று உண்டா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். லட்சக்கணக்கானோர் செத்த களத்தைப் பொம்மையாக்கி விளையாடலாமா?

1941-42 குளிர்காலத்தில் பனிக்கடியால் பாதிக்கப்பட்ட ஜெர்மன் வீரர்களே ஒரு லட்சத்துக்கும் அதிகம். கோடையிலேயே போர் முடிந்துவிடும் என்று நம்பி, போதுமான குளிர் உடைகள் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் முற்றுகையிட்டிருந்த லெனின்கிராடு நகருக்குள் அதே குளிர்காலத்தில், வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாளுக்கு 125 கிராம் ரொட்டிதான் ரேஷன். தெருக்களில் விழுந்தவர்களைப் பனி மூடியது. மேஜையில் தூவும் மார்பிள் பொடி அந்தப் பனியைத்தான் குறிக்கிறது. ஆனால் அந்த ரொட்டித் துண்டைக் காட்ட எந்த விளையாட்டிலும் இடமில்லை.

விளையாடுகிறவர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரியாமலில்லை. ஜெர்மன் தரப்பை மேஜையில் ஆடுவேன், ஆனால் எஸ்.எஸ் படைப்பிரிவுகளுக்கு பெயின்ட் அடிக்க மாட்டேன் என்று இருப்பவர்கள் உண்டு. ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதே சட்டப்படி குற்றம் என்பதால், அங்கே விற்கும் மாடல் பெட்டிகளில் அந்த ஸ்டிக்கரை நீக்கிவிடுவது வழக்கம். மறுபக்கம், டேங்க்கை ஏதோ ரேஸ் கார்போல ரசித்து, அது எதற்காக அங்கே வந்தது என்பதை யோசிக்கவே விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். பளபளவென்று வந்து நிற்கும் புத்தம்புதிய டேங்க்குகளில் அந்த மறதி சுலபம்.

தேய்ந்த டேங்க்கில் அது அவ்வளவு சுலபமில்லை. கடுங்குளிரில் வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இன்ஜின் ஆயில் இறுகிவிடும் என்பதால் காலையில் வண்டிக்கு அடியில் தீ மூட்டிச் சூடாக்கிய பிறகே கிளப்பினார்கள். அடித்தட்டில் அந்தக் கரியைக் காட்ட வேண்டுமென்றால் மாடல்காரர் முதலில் அதைப் படித்திருக்க வேண்டும். எங்கே வெள்ளை போயிருக்கும் என்று தேடப் போனவர், அங்கே கையூன்றி ஏறிய பத்தொன்பது வயதுக்காரனைப் பற்றியும் படிக்க வேண்டிவருகிறது. எல்லோரும் படிப்பதில்லை. படித்தவர் செய்த டேங்க் எது, படிக்காதவர் செய்தது எது என்பது மூன்றடி தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

மார்ச் மாதத்து டேங்க்

பனிக்கால டேங்க்கில் கைதேர்ந்தவர்கள் கடைசியில் முயல்வது டிசம்பர் டேங்க்கை அல்ல, மார்ச் மாதத்து டேங்க்கை. பனி உருகத் தொடங்கிவிட்டது. சாலைகள் எல்லாம் சேற்றுக்குழி. ரஷ்யர்கள் இந்தச் சேற்றுக் காலத்துக்கென்றே `ரஸ்புத்தித்ஸா' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அரை மீட்டர் அகலச் செயின் கொண்ட டி-34 எப்படியோ புரண்டு போய்விடும். குறுகிய செயின் கொண்ட ஜெர்மன் வண்டிகள் வயிறுவரை புதைந்து நின்றன.

டிசம்பரில் உயிரைக் காத்த வெள்ளைதான் மார்ச்சில் காட்டிக்கொடுக்கும். பழுப்புச் சேற்றுக்கும் ஈர மரங்களுக்கும் நடுவே வெள்ளை டேங்க் தனியாகத் தெரியும். அதனால் வாளியும் துடைப்பமும் மறுபடி வெளியே வரும், இம்முறை கழுவுவதற்கு. ஆனால் முழுதாகப் போகாது. கை எட்டாத இடத்தில், பற்றவைத்த தையல்களின் ஓரத்தில், ஆணித் தலைகளின் அடியில், கருவிப்பெட்டிக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அதை மாடலில் கொண்டுவர, முழுக்க வெள்ளையடித்து, பத்தில் ஒன்பது பங்கை உரித்தெடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு பங்கு எங்கெங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கத்தான் இரண்டு இரவுகள் ஆகிவிடும். அதன்மேல் சேறு. அது காய்ந்ததும் மேட் வார்னிஷ், இரண்டு கை.